என் கல்யாண பஸ்ஸுக்கு ஏர் எடுத்த கதை

டீசல் வண்டி ஓட்டுகிறவனுக்கு டேங்க் காலியாவதைப் போல ஒரு தலைவலி கிடையாது. பெட்ரோல் வண்டி என்றால் ஊற்றி உதைத்தால் கிளம்பிவிடும். டீசல் வண்டி கிளம்பாது. டேங்க் ஒரு தடவை வற்றிவிட்டால் குழாய் முழுக்கக் காற்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டேங்க் நிறைய ஊற்றினாலும் எஞ்சின் திரும்பிப் பார்க்காது. ஃபில்டர் தலையில் இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கி அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள வேண்டும். முதலில் புஸ்ஸென்று காற்று வரும், பிறகு நுரை வரும். நுரை அடங்கிச் சுத்தமான டீசல் வழியும்போது, பம்பை நிறுத்தாமல் திருகை இறுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஏர் எடுக்கிறது என்று பெயர்.

இந்த வேலையில் விருதுநகர் மாவட்டத்திலேயே என்னை அடிக்க ஆள் இல்லை என்று கொஞ்சம் திமிராகவே சொல்வேன். காரணம் திறமை இல்லை, எங்கள் மேனேஜர்.

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் பஸ் டிரைவர். காலையில் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி வருவேன், சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். பட்டாசுக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. மருந்து மிச்சம் வைக்கக் கூடாது. மருந்து என்றால் வெடிக்குள் போடுகிற பொடி. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடைத்துத் தீர்த்துவிட வேண்டும், ராத்திரிக்கு ஒரு கைப்பிடி கூடக் கிடக்கக் கூடாது. நல்ல சட்டம்தான், உயிரைக் காப்பாற்றுகிற சட்டம். எங்கள் மேனேஜர் அதை பஸ்ஸுக்கும் போட்டுவிட்டார். ராத்திரி கம்பெனி காம்பவுண்டுக்குள் நிற்கிற வண்டியில் டீசல் மிச்சம் இருக்கக் கூடாதாம். அன்றைக்கு ஓடுகிற தூரத்துக்கு மட்டும் அளந்து ஊற்றுவார்.

நானும் சொல்லிப் பார்த்தேன். "டீசல் மருந்து இல்ல சார், அது பாட்டுக்கு சும்மாதான் கெடக்கும்."

"மருந்தும் சும்மாதான்யா கெடக்கும், கெடக்குற வரைக்கும்" என்றார்.

ஒரு இடத்தில் வழியை மாற்றிப் போனால் வண்டி நின்றுவிடும். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏர் எடுப்பேன். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் கம்பெனி நேரம் போச்சே என்று என்னைத் திட்டிக்கொண்டே பூக்கட்டுவார்கள். அவர்களில் ஒருத்தரும் கீழே இறங்கி நான் என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்த்ததில்லை. என் கல்யாணத்தன்று அதுதான் வினையாகிப் போனது.

என் மனைவி மல்லாங்கிணற்றுக்காரி. விருதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். டவுன் பஸ்ஸுக்கு அவள் நிற்கிற நிறுத்தமும் என் கம்பெனி பஸ் நிற்கிற நிறுத்தமும் ஒன்று. அவ்வளவுதான், மற்றதெல்லாம் எல்லாருக்கும் நடக்கிறதுதான். சிக்கல் அவளுடைய அப்பா. அவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். நாங்கள் பெண் கேட்டுப் போனபோது காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், கடைசியில் "பட்டாசு வீட்டுல பொண்ணு குடுக்குறதா இல்ல" என்றார். நான் டிரைவர், மருந்தைத் தொடுகிறவன் இல்லை என்றேன். "வீடு பூரா பட்டாசுதானய்யா" என்றார். அது உண்மைதான். அப்பா கம்பெனியில் ஃபோர்மேன், அம்மா மருந்து அடைக்கிற ரூமில். சித்தி, அத்தை, மாமா எல்லாரும் ஏதாவது ஒரு ரூமில் இருப்பவர்கள்.

எங்களுக்கு ஆத்திரம். வத்தல் மூட்டை நிறுக்கிறவருக்கு இவ்வளவு மிதப்பா என்று அம்மா ஒரு மாதம் பொருமினாள். அவர் மகள் சாப்பிடாமல் கிடந்துதான் அவரைச் சம்மதிக்க வைத்தாள். அப்போதும் ஒரு கண்டிஷன் போட்டார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும். "ஆடி போயி ஆவணி வரதுக்குள்ள நான் வேற மாதிரி யோசிச்சிருவேன், சொல்லிட்டேன்" என்றார். மனிதர் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது.

கல்யாணம் மல்லாங்கிணற்றில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி பஸ்ஸையே கொடுத்தார்கள். மாப்பிள்ளை நான் ஓட்ட முடியாது. என் மாமா மகன், எனக்கு மச்சான், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தான். அதற்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் சங்குச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவன். மேனேஜர் அச்சங்குளத்திலிருந்து மல்லாங்கிணறு வரைக்கும் கணக்குப் போட்டு டீசல் ஊற்றியிருந்தார், கல்யாணத்துக்கும் அதே சட்டம். மச்சானோ மாலை வாங்க விருதுநகர் பஜாருக்குள் நுழைந்து ஒரு சுற்று சுற்றிவிட்டான். டீசல் அளவு காட்டுகிற முள் செத்துப்போய் வருஷக்கணக்கு ஆகிறது. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, கழுத்தில் மைனர் செயின் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு டீசல் முள் ஞாபகம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

விருதுநகர் தாண்டி, மல்லாங்கிணறு ரோட்டில், இரண்டு பக்கமும் கருவேலமும் காய்ந்த கரிசலுமாக இருந்த இடத்தில் பஸ் இரண்டு தடவை குலுங்கிவிட்டு நின்றது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மச்சான் கேனை எடுத்துக்கொண்டு, வந்த பைக்கை மறித்து ஏறிப் போய், டீசல் வாங்கி வந்து ஊற்றினான். சாவியைத் திருகினான். எஞ்சின் முனகியது. மறுபடி திருகினான்.

"டேய் நிப்பாட்டு. பேட்டரியத் தின்னுராத. ஏர் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நான் எழுந்தேன்.

அம்மா என் தோளைப் பிடித்து உட்கார்த்தினாள். "ஏலே, காப்புக் கட்டியிருக்கு. மண்டபம் போற வரைக்கும் கீழ கால் வைக்கப்படாது. அந்தக் கையி கரியில படவே கூடாது. அந்த மனுசன் ஒரு கறை பாத்தா அபசகுனம்னு சொல்லி வாசல்லயே திருப்பி அனுப்பிருவாரு."

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரி, நான் ஜன்னல் வழியாகச் சொல்கிறேன், இவர்கள் செய்யட்டும் என்று நினைத்தேன். பம்பை அமுக்க ஒரு கை, திருகைத் திருப்ப ஒரு கை. குழந்தை கூடச் செய்கிற வேலை. ஆனால் இவர்கள் எல்லாரும் பட்டாசுக்காரர்கள் என்பதை மறந்துபோனேன்.

அப்பா முதலில் இறங்கினார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து எஞ்சின் மூடியைத் தூக்கினார். டீசல் வாசம் வந்தது. அதோடு அப்பா அப்பாவாக இல்லை, ஃபோர்மேன் ஆகிவிட்டார்.

"எல்லாரும் எறங்கி தூரப் போங்க. இங்கன நாலு பேருக்கு மேல நிக்கப்படாது" என்றார். ஒரு ரூமுக்கு நாலு பேர் என்பது கம்பெனிச் சட்டம். பஸ்ஸில் எப்போதும் கிடக்கிற சிவப்பு வாளிகளை இறக்கி, இரண்டில் மண்ணும் இரண்டில் தண்ணீரும் நிரப்பச் சொன்னார். சித்தியும் அத்தையும் கேட்காமலேயே கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார்கள், வளையலைக் கழற்றினார்கள், செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். ரூமுக்குள் போகுமுன் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காகக் கம்பெனியில் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரோட்டில் தகட்டுக்கு எங்கே போவது? மாமா சீருக்கு வாங்கி வந்திருந்த செம்புக் குடத்தைக் கொண்டுவந்து பஸ்ஸுக்கு முன்னால் வைத்தார்கள். ஆளாளுக்கு அதைத் தொட்டுவிட்டு எஞ்சின் பக்கம் போனார்கள்.

"எப்பா, அது டீசல். தீக்குச்சியை உள்ள போட்டாக்கூட அணைஞ்சிரும்" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"நீ மாப்ள, வாய மூடிக்கிட்டு இரு" என்றார் அப்பா.

திருகு இறுகிப்போயிருந்தது. ஸ்பானரை மாட்டி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். மச்சான் சுத்தியலை ஓங்கினான். அப்பா பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இரும்பை இரும்பால் தட்டக் கூடாது, பொறி பறக்கும். மரச் சுத்தியல் வேண்டும். கரிசல் காட்டில் மரச் சுத்தியலுக்கு எங்கே போக? சித்தி சீர்த்தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து நீட்டினாள். அந்தத் தேங்காயால் ஸ்பானரைத் தட்டினார்கள். இரண்டாவது தட்டில் தேங்காய் உடைந்து தண்ணீர் எஞ்சின் மேல் வழிந்தது. உடனே எல்லாரும் எஞ்சினை விட்டுவிட்டுத் தேங்காயைப் பார்த்தார்கள். அழுகல் இல்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். ஜரிகைச் சேலைகள், பஸ்ஸுக்கு முன் செம்புக் குடம், உடைத்த தேங்காய், ஓரமாகக் கழற்றிப் போட்ட செருப்புகள். அவர் பாவம் என்ன நினைப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டி நின்றுவிட்டார். அவரைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாவது தேங்காயில் திருகு விட்டது. அப்பா திருகைப் பிடித்துக்கொள்ள, மச்சான் பம்பை அமுக்கினான். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "அமுக்கு, அமுக்கு, இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருகுக்குள்ளிருந்து புஸ் என்றது.

அடுத்த நொடி பஸ்ஸைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. மச்சான் பம்பைப் போட்டுவிட்டு ஓடினான். சித்தி பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பாவுக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அன்றைக்குக் கருவேல மரத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். எல்லாரும் தரையில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். என்ன ஏது என்று தெரியாமல் மொபெட்காரரும் அவர்கள் பக்கத்தில் படுத்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மருந்து ரூமில் புஸ் என்று ஒரு சத்தம் வந்தால் ஓட வேண்டும். என்ன சத்தம், எங்கே வந்தது என்று யோசிக்கக் கூடாது. அதைக் காலுக்குத்தான் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், தலைக்கு இல்லை. ஏர் எடுப்பதில் முதலில் வருவதே அந்தப் புஸ்தான்.

"அது காத்து. வெறும் காத்து. வாங்க" என்று கத்தினேன்.

மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி வந்தார்கள். குடத்தைத் தொட்டார்கள். ஆனால் திருகைத் திறந்துபோட்டு ஓடினால் ஏறிய டீசல் கீழே இறங்கி, காற்று மறுபடி உள்ளே போய்விடும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தார்கள். புஸ் என்றது. ஓடினார்கள். இந்தத் தடவை மச்சான், "ஓட மாட்டேன், ஓட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

போன் அடித்தது. அவள்தான்.

"எங்க இருக்கீக?"

"ஏர் எடுத்துக்கிட்டு இருக்காக."

"எடுத்தாச்சா?"

"எடுக்கவும் ஓடிருதாக."

"எங்கப்பா மண்டப வாசல்ல சேர் போட்டு உக்காந்து வாட்சப் பாத்துக்கிட்டு இருக்காரு. நான் மணவறையில உக்காந்து அழுதுருவேன் போல இருக்கு. நீங்க நடந்தாவது வாங்க" என்று வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் இந்த எஞ்சினோடு மல்லுக்கட்டி, இன்றைக்கு ஒரு கைப்பிடிக் காற்றுக்கு இவளை விட்டுவிடப் போகிறேனா என்று இருந்தது.

காப்பாவது ஒன்றாவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கு வந்தேன். அதே நேரம் அப்பாவும் மச்சானும் அடுத்த தடவை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். புஸ் என்றது. எல்லாரும் வெளியே ஓட, அம்மா ஒருத்தி மட்டும் உள்ளே ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. படியிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து வயலுக்கு. பட்டு வேட்டியோடு கரிசலில் விழுந்தேன். அம்மா என் மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

"எம்மா, கால் கீழ வைக்கப்படாதுன்ன."

அவள் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "புஸ்ஸுன்னா ஓடணும். எனக்கு அம்புட்டுத்தான்லே தெரியும். நீ வயித்துல இருக்கயில ஓடுனவ நான். இப்ப நிக்கச் சொன்னா எப்படி நிப்பேன்?"

எனக்கு அதுவரை அது தெரியாது.

"சரி விடு. நான் போயி ஏர் எடுக்கேன். கால்தான் மண்ணுல பட்டாச்சே" என்றேன்.

"கை படல" என்றாள். என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கை சுத்தமாத்தான் இருக்கு. நீ என் பக்கத்துல நில்லு. நான் அமுக்குதேன்."

எஞ்சினுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பம்பை ஒரு கையிலும் ஸ்பானரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டாள். நான் அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன், ஓடினால் பிடிப்பதற்காக. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினாள். புஸ் என்றதும் அவள் கால் இரண்டும் தன்னால் கிளம்பின. முந்தானை இழுபட்டது. திரும்ப உட்கார்ந்தாள். நுரை வந்தது, அவள் மணிக்கட்டில் வழிந்தது. "இன்னும் எம்புட்டு நேரம்லே, இன்னும் எம்புட்டு நேரம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இந்தா முடிஞ்சது, இந்தா முடிஞ்சது" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நுரை அடங்கி, கண்ணாடியாக டீசல் வழிந்தது. "இப்ப இறுக்கு" என்றேன். இறுக்கினாள். கண்ணைத் திறந்து பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்றாள்.

மச்சான் சாவியைத் திருகினான். பேட்டரி கடைசி மூச்சைக் கொடுத்தது. எஞ்சின் ஒரு இருமல் இருமி, டப்பென்று அடித்து, கிளம்பியது. அந்த டப்புக்கு எல்லாரும் மறுபடி ஓடிவிட்டார்கள். இனி எஞ்சினை அணைக்க முடியாது. பஸ்ஸை மெதுவாக உருட்டிக்கொண்டே ஒவ்வொருவராகப் பிடித்து ஏற்றினோம். மொபெட்காரருக்கு உடைந்த தேங்காயில் ஒரு மூடி கொடுத்தோம், பக்தியோடு வாங்கிக்கொண்டார்.

மண்டபத்துக்குப் போகும்போது பத்தரை தாண்டியிருந்தது. பெண் வீட்டு இளவட்டங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் கண்ணைக் கூடச் சிமிட்டாமல் அதன் பக்கத்திலேயே நடந்து போனார்கள். சித்தி, "இது எந்தக் கம்பெனிச் சரக்கு, ரெண்டு எடத்துல விட்டு விட்டு வெடிக்குது" என்று குறை வேறு சொன்னாள்.

மாமனார் வாசலில் சேரிலிருந்து எழுந்தார். என் வேட்டியில் இருந்த கரிசலைப் பார்த்தார். அம்மாவின் கை முழங்கை வரைக்கும் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே மேளக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நேரம் போயிருச்சே" என்றார்.

அப்பா வழியில் டிராஃபிக் என்று ஆரம்பித்தார். மல்லாங்கிணறு ரோட்டில் டிராஃபிக்காம். அம்மா அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே, வண்டி நின்னு போச்சு. அதுல காத்து எடுக்கணும்னான். எடுக்கும்போது புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. நாங்க பூராப் பேரும் ஓடிட்டோம். திரும்ப வந்தோம், திரும்ப ஓடுனோம். அதான் நேரமாயிருச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை.

"எல்லாருமா ஓடுனீக?"

"ஆமா. இவர்தான் மொதல்ல" என்று அப்பாவைக் காட்டினாள்.

"ஃபோர்மேனுமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனார் யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னார். "எங்க அக்கா ஓடல. சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில மருந்து ரூம்ல இருந்தா. புஸ்ஸுன்னதும் கூட இருந்தவளுக ஓடிட்டாளுக. இவ, கம்பெனிச் சரக்கு வீணாப் போயிருமேன்னு சட்டியத் தூக்கி வெளிய வைக்கப் போயிருக்கா." அம்மாவின் கறுத்த கையைப் பார்த்தார். "ஓடுற ஆளுகளாப் பாத்துக் குடுக்கணும்னு மனசுல இருந்துச்சு. பொண்ணு கேட்டு வந்தவுககிட்ட, நீங்க ஓடுவீகளான்னு எப்படிக் கேக்குறது?"

தனக்கு ஒரு அத்தை இருந்து செத்துப்போனாள் என்ற அளவுக்குத்தான் என் மனைவிக்கே தெரியும் என்று அவள் பிறகு சொன்னாள்.

ஐயர் உள்ளேயிருந்து வந்து நல்ல நேரம் முடிந்துவிட்டது, அடுத்து எமகண்டம் என்று ஏதோ இழுத்தார். மாமனார் அவரைப் பார்த்து, "மேளத்தக் கொட்டச் சொல்லுங்க சாமி" என்றார். பிறகு அம்மாவை வாசல் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அண்டாவிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினார். டீசல் கறை தண்ணீருக்குப் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மறுபடி மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார், அம்மாவும் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.